எல்லை தாண்டும் நிறுவனங்களும் அவற்றை ஆராய்பவர்களும்: சர்வதேச வணிக ஆய்வு ஓர் அறிமுகம்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கிளம்பினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வரும். 1996-ல் இங்கே கால் வைத்ததிலிருந்து 2024-ல் பங்குச் சந்தைக்கு வரும்வரை ஹூண்டாய் மோட்டார் இந்தியா முழுக்க முழுக்கக் கொரியத் தாய் நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. உள்ளூர்ப் பங்காளி என்று யாரும் கிடையாது. அதே சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம் போனால் ஃபாக்ஸ்கான். உள்ளே தயாராவது ஆப்பிளின் ஐபோன். ஆனால் ஆலை ஆப்பிளுடையது அல்ல. நடத்துவது தைவான் நிறுவனம்.

ஒரு நிறுவனம் கடல் கடந்து வந்து, தானே ஆலை கட்டி, தன் மேற்பார்வையிலேயே நடத்துகிறது. உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்றான இன்னொன்றோ அதே வேலையை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடுகிறது. ஏன்? இந்த ஒற்றைக் கேள்வியையும் அதிலிருந்து கிளைக்கும் கேள்விகளையும் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பல்கலைக்கழகங்களில் சர்வதேச வணிகம், உலகளாவிய வியூகம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் பேராசிரியர்கள் அவர்கள்.

நம் ஊரில் ‘இன்டர்நேஷனல் பிசினஸ்’ என்றதும் ஏற்றுமதி இறக்குமதி நினைவுக்கு வரும். எல்.சி. (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) திறப்பது, கப்பல் ஆவணங்கள், கஸ்டம்ஸ் கிளியரன்ஸ். எம்பிஏ வகுப்பில் இவையெல்லாம் பாடம்தான், பயனுள்ள பாடமும்கூட. ஆய்வு என்பது வேறு. சரக்கை எப்படி அனுப்புவது என்பதைவிட, ஒரு நிறுவனம் சரக்கை அனுப்புவதோடு நிற்காமல் ஏன் அங்கேயே போய் உட்காருகிறது, போனவர்களில் சிலர் வேரூன்ற மற்றவர்கள் ஏன் மூட்டை கட்டுகிறார்கள் என்று கேட்பதுதான் இதில் வேலை.

கேள்வி எங்கிருந்து வந்தது

1960-ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீபன் ஹைமர் என்ற கனடாக்காரர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதுவரை பொருளாதார நிபுணர்கள் நம்பியது இது: வட்டி குறைவாக உள்ள நாட்டிலிருந்து வட்டி அதிகமாக உள்ள நாட்டுக்குப் பணம் ஓடும், அந்நிய முதலீடு என்பது அந்த ஓட்டம்தான். ஹைமர் தரவுகளைப் பார்த்தபோது அது பொருந்தவில்லை. வெளிநாட்டில் ஆலை வைத்த அமெரிக்க நிறுவனங்கள் அந்தந்த நாட்டிலேயே கடன் வாங்கிக்கொண்டிருந்தன. ஒரே தொழிலில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கும் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஒரே நேரத்தில் முதலீடு போய்க்கொண்டிருந்தது. வட்டிதான் காரணமென்றால் இரண்டு திசையிலும் எப்படிப் போகும்?

அவர் சொன்ன விடை: நிறுவனங்கள் தேடுவது வட்டியை அல்ல, கட்டுப்பாட்டை. அந்நிய மண்ணில் உள்ளூர்க்காரனுக்குத் தெரிந்த சட்டம், மொழி, பழக்கம் எதுவும் வருபவனுக்குத் தெரியாது. அந்தக் குறையையும் மீறி அவன் ஜெயிக்க வேண்டுமென்றால் உள்ளூர்க்காரனிடம் இல்லாத ஏதோ ஒன்று அவனிடம் இருக்க வேண்டும்: தொழில்நுட்பம், பிராண்ட், நிர்வாகத் திறமை. அதைத் தன் கைப்பிடிக்குள் வைத்துக்கொள்ளத்தான் சொந்தமாகப் போகிறான். இன்று ஆரம்பப் பாடமாகச் சொல்லித்தரும் இந்தக் கருத்து நூல் வடிவம் பெற்றது 1976-ல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஹைமர் கார் விபத்தில் இறந்துவிட்டார். ஒரு துறைக்கே அடித்தளம் போட்டவர் தன் ஆய்வேட்டைப் புத்தகமாகப் பார்க்கவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

சரி, அந்தத் தொழில்நுட்பத்தை உள்ளூர்க்காரருக்கு லைசன்ஸ் கொடுத்து ராயல்டி வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாமே? அதே 1976-ல் பீட்டர் பக்லியும் மார்க் காசனும் இதற்குப் பதில் தந்தார்கள். அறிவை விற்பது கடினம். என்ன விற்கிறேன் என்று விளக்காமல் யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். முழுதாக விளக்கிவிட்டால் விலை கொடுக்கத் தேவையே இல்லை. ஒப்பந்தத்தில் எழுத முடியாத நுணுக்கங்கள் ஏராளம். சந்தையில் விற்கும் செலவும் ஆபத்தும் அதிகமாகும்போது நிறுவனம் அந்தப் பரிமாற்றத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே நடத்திக்கொள்கிறது.

ஜான் டன்னிங் இவற்றையெல்லாம் சேர்த்து மூன்று கேள்விகளாக்கினார். உன்னிடம் தனிச் சிறப்பு என்ன? இந்த இடத்துக்கு ஏன் வர வேண்டும்? பிறரிடம் கொடுக்காமல் நீயே ஏன் செய்ய வேண்டும்? ஹூண்டாயை வைத்துப் பாருங்கள். சிறிய காரை மலிவாகச் செய்யும் திறமை முதல் கேள்விக்குப் பதில். முழுக் காராக இறக்குமதி செய்தால் விழும் கடும் தீர்வை, பக்கத்திலேயே துறைமுகம், ஏற்கெனவே இருந்த உதிரிபாகத் தொழில்கள் இரண்டாவதுக்கு. வடிவமைப்பும் தரக் கட்டுப்பாடும் கைவிட்டுப் போகக் கூடாது என்பது மூன்றாவதுக்கு. ஆப்பிளின் கணக்கு மூன்றாவதில்தான் மாறுகிறது. வடிவமைப்பு, சிப், மென்பொருள் ஆகியவற்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் போதும், பாகங்களை இணைக்கும் வேலையை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று அது முடிவு செய்கிறது.

தொலைவு என்பது கிலோமீட்டர் மட்டும் அல்ல

உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைகளில் சொல்வார்கள். தரவு அப்படிச் சொல்வதில்லை. ஜான் மெக்கல்லம் 1995-ல் வெளியிட்ட ஒரு கணக்கு இந்தத் துறையில் பெயர்பெற்றது. கனடாவும் அமெரிக்காவும் பெரும்பாலும் ஒரே மொழி பேசும் அண்டை நாடுகள். தூரத்தையும் பொருளாதார அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், 1988-ல் கனடாவின் ஒரு மாகாணம் இன்னொரு மாகாணத்தோடு செய்த வணிகம், அதற்கு இணையான அமெரிக்க மாநிலத்தோடு செய்ததைவிட 22 மடங்கு அதிகம் என்று அவர் காட்டினார். பின்னால் வந்தவர்கள் வேறு முறைகளில் கணக்குப் போட்டு அந்த எண்ணைக் குறைத்தார்கள். ஆனால் எல்லை என்ற கோட்டுக்குப் பெரிய விலை உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை.

ஜோத்பூரில் பிறந்த பங்கஜ் கெமாவத் இந்த இடைவெளியை 2001-ல் நான்காகப் பிரித்தார்: பண்பாடு, அரசு நிர்வாகம், புவியியல், பொருளாதாரம். 1997-ல் ஜெர்மனிக்குப் போன வால்மார்ட் 2006-ல் தன் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியதை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிறையப் புரியும்.

ஸ்வீடனின் உப்சாலாவில் யான் யோஹான்சன், யான் எரிக் வால்னே இருவரும் 1977-ல் சொன்னது, நிறுவனங்கள் படிப்படியாகப் போகும் என்பது. முதலில் பழகிய அண்டை நாடு, ஏஜென்ட் மூலம் விற்பனை, பிறகு சொந்த விற்பனை அலுவலகம், கடைசியில் ஆலை. ஒவ்வொரு படியிலும் கற்றுக்கொண்டதே அடுத்த படிக்குத் தைரியம் தருகிறது. அழகான கோட்பாடு, நிறைய நிறுவனங்களுக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் (இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ்) நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. பிறக்கும்போதே உலகச் சந்தையில் பிறக்கும் இப்படிப்பட்ட நிறுவனங்களை எப்படி விளக்குவது என்று 1990-களில் தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரு நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஸ்ரீலதா ஜாஹீர் 1995-ல் வெளியிட்டது. பின்னாளில் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கார்ல்சன் மேலாண்மைப் பள்ளியின் டீனாக இருந்தவர். அந்நியன் என்பதாலேயே ஒரு நிறுவனம் நஷ்டப்படுகிறதா என்பது கேள்வி. காரையோ சோப்பையோ எடுத்தால் ருசி, பழக்கம், போக்குவரத்துச் செலவு என்று ஆயிரம் விஷயங்கள் குறுக்கே வரும். அவர் எடுத்தது வங்கிகளின் அந்நியச் செலாவணி வர்த்தக அறைகளை. டாலரும் யென்னும் எங்கே வாங்கினாலும் ஒரே டாலர், ஒரே யென்தான். லாரியில் ஏற்ற வேண்டியதில்லை. நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் மேற்கத்திய வங்கிகளின் அறைகளையும் ஜப்பானிய வங்கிகளின் அறைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இவ்வளவு ஒரே மாதிரியான தொழிலிலும் அந்நியர்களுக்குப் பாதகம் இருந்தது. அதைச் சமாளிக்க உள்ளூர்க்காரர்களைப் பார்த்து நகல் எடுப்பதைவிட, தாய் நிறுவனத்தின் நடைமுறைகளைக் கொண்டுவருவதே கூடுதல் பலன் தந்தது. ‘ரோமில் ரோமானியனாக இரு’ என்ற அறிவுரைக்கு இது நேர் எதிர். சரியான களத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வெற்றி அவருடையது.

வியூகம் எங்கே வருகிறது

சர்வதேச வணிகத்துக்கும் உலகளாவிய வியூகத்துக்கும் இடையே கறாரான வேலி இல்லை. முதலாவது நாடுகள், நிறுவனச் சூழல், எல்லை தாண்டும் முடிவு ஆகியவற்றில் அதிகக் கவனம் வைக்கிறது. இரண்டாவது, எல்லை தாண்டிய நிறுவனங்களுக்குள் ஒன்றைவிட இன்னொன்று ஏன் நன்றாகச் செய்கிறது என்று கேட்கிறது.

இங்கே கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடில் வேலை பார்த்து, ஐ.ஐ.எம். அகமதாபாத் வழியாக ஹார்வர்டு போனவர். 1975-ல் பட்டம் பெற்றார். பன்னாட்டு நிறுவனத்தின் மேலாளர் தலையில் எப்போதும் இரண்டு அழுத்தங்கள் இருக்கின்றன என்று அவரும் ஈவ் டோஸும் காட்டினார்கள். உலகம் முழுக்க ஒரே மாதிரி செய்தால் செலவு குறையும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்ப மாற்றினால் விற்பனை கூடும். எந்தத் தொழிலில் எந்த அழுத்தம் அதிகம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். சிப் தொழில் ஒரு முனை, சாப்பாட்டுத் தொழில் மறு முனை. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு பதில், விளம்பரப் பிரிவுக்கு வேறு பதில் வரலாம் என்பதுதான் அவர்கள் சொன்னதில் நுட்பமான பகுதி.

இந்தியன் ஆயிலில் வேலை பார்த்துவிட்டு ஆய்வுக்கு வந்த சுமந்திர கோஷலும் கிறிஸ்டோபர் பார்ட்லெட்டும் இதை இன்னும் முன்னே கொண்டுபோனார்கள். மூன்று தொழில்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஐரோப்பிய, ஓர் அமெரிக்க, ஒரு ஜப்பானிய நிறுவனம் என்று ஒன்பதை எடுத்து, மேலாளர்களிடம் உட்கார்ந்து பேசிப் பேசி எழுதிய ஆய்வு அது. தொழிலையும் நாட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அந்த மூன்றுக்கு மூன்று அமைப்பு வழிசெய்தது.

ஆய்வாளர் ஏன் சட்டென்று பதில் சொல்வதில்லை

டீக்கடையில் யாராவது இப்படிச் சொல்லலாம்: “ஹூண்டாய் தனியா வந்து ஜெயிச்சான். ஃபோர்டு மஹிந்திராவோட சேர்ந்து வந்தான், தோத்துட்டான். தனியா வர்றதுதான் சரி.” ஃபோர்டு 1995-ல் மஹிந்திராவோடு கூட்டாகத்தான் வந்தது, 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இரண்டும் உண்மை. முடிவு மட்டும் தவறு.

இரண்டு நிறுவனங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது முதல் காரணம். ஃபோர்டு சில ஆண்டுகளிலேயே பெரும்பான்மைப் பங்கைத் தன்வசமாக்கிக்கொண்டது என்பதால் கூட்டு மேல் பழி போடுவதும் சரியல்ல. ஆனால் இரண்டாயிரம் நிறுவனங்களை எடுத்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. எந்த வழியில் நுழைவது என்பதை யாரும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதில்லை. தன்னிடம் வலுவான தொழில்நுட்பம் இருப்பவர் தனியாக வரத் துணிகிறார். அவர் பிழைத்தால், காரணம் தனியாக வந்ததா, ஏற்கெனவே இருந்த வலுவா?

மைல்ஸ் ஷேவர் 1998-ல் இந்தச் சிக்கலை நேரடியாக எடுத்துக்கொண்டார். அமெரிக்காவுக்குள் வந்த வெளிநாட்டு நிறுவனங்களில், உள்ளூர் நிறுவனத்தை விலைக்கு வாங்கி நுழைந்தவர்களைவிடப் புதிதாக ஆலை கட்டி நுழைந்தவர்கள் அதிக நாள் தாக்குப்பிடிப்பதாக முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. சாதாரணமாகக் கணக்குப் போட்டால் அவருக்கும் அதுதான் வந்தது. பிறகு, எப்படிப்பட்ட நிறுவனம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதையும் தன் கணக்கீட்டில் சேர்த்தார். புதிய ஆலைக்கு இருந்ததாகத் தெரிந்த அனுகூலம் மறைந்துவிட்டது. நிறுவனங்கள் தங்களுக்குப் பொருந்தும் வழியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தன. எந்த வழியும் தன்னளவில் உயர்ந்ததல்ல.

இந்தக் கட்டுரைக்குப் பிறகு, ‘உன் நிறுவனங்கள் ஏன் அந்த முடிவை எடுத்தன?’ என்று ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் கேட்காமல் விடுவதில்லை. பிஎச்.டி.யின் முதல் இரண்டு ஆண்டுகள் புள்ளியியலும் பொருளாதார அளவியலும் (எகனாமெட்ரிக்ஸ்) படிக்கச் சொல்வது இதற்காகத்தான். கணக்கு வராது என்று பயந்து இந்தப் பக்கமே வராதவர்கள் உண்டு. பிளஸ் டூ கணக்கை மறக்காதவர்களால் உழைத்துக் கற்றுக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான எண்ணம். கோஷல் செய்ததைப் போல நேர்காணல் வழியில் போகவும் இடமுண்டு. அதற்கும் அதே அளவு ஒழுங்கு தேவை.

வாழ்க்கைப் பாதை

முனைவர் பட்டம் கட்டாயம். அமெரிக்காவில் சுமார் ஐந்து ஆண்டுகள்: பாடங்கள், அவை முழுவதிலும் ஒரு தகுதித் தேர்வு, ஆய்வுத் திட்டம், ஆய்வேடு. நல்ல வணிகப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும், மாதப் படியும் உண்டு; பதிலுக்குப் பேராசிரியருக்கு ஆய்விலோ வகுப்பிலோ உதவ வேண்டும். நுழைய ஜி.ஆர்.இ. அல்லது ஜிமேட் மதிப்பெண் கேட்பார்கள். இந்தியாவில் ஐ.ஐ.எம்.களின் முனைவர் படிப்புகளும் இதே மாதிரிதான், கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. கேட் (CAT) மதிப்பெண்ணோ அதற்கு இணையானதோ வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் மேலாண்மைத் துறை, டெல்லியின் ஐ.ஐ.எஃப்.டி. (இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கழகம்) போன்ற இடங்களும் உண்டு. வேலை பார்த்துவிட்டு வருவது குறையே அல்ல. பிரகலாத்தும் கோஷலும் அப்படி வந்தவர்கள்தான்; அலுவலகத்தில் கண்ட குழப்பம் நல்ல கேள்வியாக மாறும்.

பட்டம் முடியும் தறுவாயில் வேலைச் சந்தை. பல்கலைக்கழகம் அழைத்து, முழுத் துறையின் முன்னால் தன் ஆய்வை ஒன்றரை மணி நேரம் பேசச் சொல்லும். குறுக்குக் கேள்விகள் விழும். தேறினால் உதவிப் பேராசிரியர். அமெரிக்காவில் அங்கிருந்து டென்யூர் என்ற நிரந்தரப் பணிக்குப் பெரும்பாலும் ஆறு ஆண்டு கெடு. அதற்குள் மதிப்புள்ள ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்திருக்க வேண்டும்.

ஒரு கட்டுரை வெளியாவது எப்படி என்று வெளியில் பலருக்குத் தெரியாது. 1970-ல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் பிசினஸ் ஸ்டடீஸ் இந்தத் துறையின் முதன்மை இதழ். 2011-ல் தொடங்கிய குளோபல் ஸ்ட்ராட்டஜி ஜர்னலும் முக்கியமானது. அனுப்பிய கட்டுரையை ஆசிரியர் முதலில் பார்ப்பார். பல கட்டுரைகள் அங்கேயே திரும்பிவிடும். தாண்டினால், பெயர் மறைத்து இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். மாதங்கள் கழித்து, பக்கம் பக்கமாகக் குறைகள் அடங்கிய கடிதம் வரும். ‘திருத்தி மீண்டும் அனுப்பவும்’ என்று அதில் இருந்தால் அது கொண்டாட வேண்டிய நாள். ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுதினால் பதில் கடிதம் கட்டுரையைவிட நீளும். இப்படி இரண்டு மூன்று சுற்று. முழுதாக முடிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது சாதாரணம், கடைசிச் சுற்றில் நிராகரிக்கப்படுவதும் நடக்கும்.

இவ்வளவு காத்திருப்பதற்குப் பயந்து, காசு வாங்கிக்கொண்டு பத்து நாளில் பிரசுரிக்கும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள். நம் கல்லூரிகளில் பதவி உயர்வுக்கு எண்ணிக்கை கேட்கும் அழுத்தம் நிஜம், எனக்கும் தெரியும். ஆனால் அப்படி வந்த பத்துக் கட்டுரைகளை ஒரு நல்ல தேர்வுக் குழு ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிடும். கவனமாகச் செய்த ஒரே கட்டுரையைப் பற்றி அதே குழு ஒரு மணி நேரம் உங்களோடு பேசும்.

விண்ணப்பத்தில் ‘உலகமயமாக்கலில் எனக்கு ஆர்வம்’ என்று எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு புதிரை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: மறைமலை நகரில் கார் தயாரிப்பை 2022-ல் நிறுத்திய அதே ஃபோர்டு, அதே சென்னையில் தன் தொழில்நுட்ப, வணிகச் சேவை மையத்தை ஆயிரக்கணக்கான ஊழியர்களோடு சொந்தமாக நடத்திக்கொண்டிருந்தது. அந்த வேலையைப் பெரிய ஐ.டி. கம்பெனி எதற்கு வேண்டுமானாலும் ஒப்பந்தத்துக்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. 2024-ல் மூடிய ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்கும் விருப்பத்தையும் தமிழ்நாடு அரசிடம் தெரிவித்தது. ஒரு நாட்டில் உற்பத்தியிலிருந்து விலகும் நிறுவனம் அங்கே அறிவு சார்ந்த வேலையை ஏன் கைவிடாமல் வைத்திருக்கிறது? அந்த மையம் இருப்பது, பிற்பாடு திரும்பி வருவதை எளிதாக்குகிறதா?

இதை ஆராய வேண்டுமானால், இந்தியாவில் ஆலையை மூடிய வெளிநாட்டு நிறுவனங்களின் பட்டியல் ஒன்று வேண்டும். அவற்றில் யாருக்கு இங்கே சொந்த மையம் இருந்தது, யாருக்கு இல்லை, யார் திரும்பி வந்தார்கள் என்று நிரப்ப வேண்டும். இந்திய நிறுவனங்களின் நிதி விவரங்களைத் தொகுக்கும் சி.எம்.ஐ.இ.யின் புரோவெஸ் தரவுத்தளமும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் கல்லூரி நூலகத்திலேயே கிடைக்கலாம், நூலகரிடம் கேளுங்கள். பட்டியலில் பாதி நிரம்பியதும் அதையும், ‘இந்த நிறுவனங்கள் ஏன் அந்த முடிவை எடுத்தன?’ என்ற ஷேவர் வழிவந்த கேள்விக்கு உங்கள் பதிலையும் இரண்டு பக்கத்தில் எழுதி, உங்களுக்கு நெறியாளராக வர வேண்டும் என்று நினைக்கும் பேராசிரியருக்கு அனுப்புங்கள்.